மரெங்கோவுக்கு லேஸ் கட்டியவன்

மரெங்கோவை ரெஜினுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் தேடி அவன் அலைய வேண்டியிருக்கவில்லை. துபாய் ஏர்போர்ட் வாசலில் வைத்தே மரெங்கோ அதைக் கையில் கொடுத்துவிட்டான். ஆகஸ்ட் மாதம். புஜைராவிலிருந்து வரும் வழியிலேயே கிளப் வேனின் ஏசி செத்துப்போயிருந்தது. பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்ற ரெஜினைப் பார்த்ததும், அந்த ஆறடிக்கு மேற்பட்ட மனிதன் மூன்று பைகளையும் டிராலியோடு இவன் வயிற்றுப் பக்கம் தள்ளிவிட்டு, "பாய், ஜல்தி. யல்லா" என்றான். ஒரு ஹலோ இல்லை, கைகுலுக்கல் இல்லை.

எஸ்தெபான் மரெங்கோ, அர்ஜென்டினாக்காரன், வயது முப்பத்து நான்கு, சென்டர் பேக். இதற்கு முன் குவைத்தில், ஃபர்வானியா பக்கத்துக் கிளப் ஒன்றில் இரண்டு வருடம் ஆடியவன். அந்த இரண்டு வருடத்தில் அவன் பத்து வார்த்தை கற்றிருந்தான். பத்தும் வேலைக்காரனை விரட்டுவதற்கான வார்த்தைகள்.

ரெஜின் புஜைரா கிளப்பின் கிட்மேன். இரண்டாம் டிவிஷனில் ஆடும் சின்னக் கிளப்தான். இருபத்தாறு பேரின் ஜெர்சி, சாக்ஸ், பூட் எல்லாவற்றையும் துவைப்பதும் துடைப்பதும் நம்பர் வாரியாக அடுக்குவதும் அவன் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறான். அதற்கு முன், குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், மீன்பிடிக்கும் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு டீமும் ஒரு கோப்பையும் இருக்கிற அந்த மண்ணில், ரெஜின் ஸ்டாப்பர் பேக்; சென்டர் பேக்குக்கு ஊரில் அதுதான் பெயர். பனியனும் கைலிச் சாரமுமாக எல்லை ஓரம் நிற்கிற ஆயிரம் பேர் ஏசுகிற ஏச்சுக்கு நடுவில் பந்தை வெட்டி வெளியே அடித்துப் பழகியவன். ஆகவே, இன்னொரு ஸ்டாப்பரை எடைபோட அவனுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

மரெங்கோவின் சரித்திரத்தை அவனுக்குப் படித்துக் காட்டியவர் அகமது கபீர். கிளப் ஆபீஸில் விசா, டிக்கெட், ஒப்பந்தம் எல்லாம் பார்க்கிற கீழக்கரைக்காரர். டீக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, பேப்பரைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"ரொசாரியோவுக்கு வெளியே, மாடு வெட்டுற ஃபேக்டரி உள்ள ஏதோ ஊரு. பதினஞ்சு வயசுல கிளப் ஹாஸ்டலு. பத்தொம்பதுல செகண்ட் டிவிஷன். அப்புறம் சிலி. அங்க வலது முழங்கால் ஆபரேஷன், ஒரு வருஷம் சும்மா. பிறகு பொலிவியா, பிறகு கிரீஸ். கிரீஸ்ல கிளப்பே மூடிட்டான். சைப்ரஸ், ஓமன், குவைத்து. இப்ப இங்க. பதினாறு வருஷத்துல பதிமூணு கிளப்பு, ரெஜினு. கோல் மொத்தம் நாலு. நம்ம லேபர் கேம்ப் ஆளுங்க தோத்தாங்க போ."

"அப்ப அவனும் கான்ட்ராக்ட் லேபர்தான்னு சொல்லுங்க" என்றான் ரெஜின்.

"அதைப் போயி அவன்கிட்ட சொல்லிப் பாரு."

ரெஜின் சொல்லவில்லை. ஆனால் அந்த நினைப்பு அவனுக்குள் ஒரு குரூர சந்தோஷத்தைத் தந்தது. பதிமூன்று கஃபீல்களின், அதாவது விசா கொடுக்கிற முதலாளிகளின், வாசலில் நின்றவனுக்குத்தான் பெட்டி தூக்குகிறவனைப் பார்க்கச் சகிக்காது என்று நினைத்துக்கொண்டான்.

செப்டம்பரில் முதல் ஆட்டம். மறுநாள் காலை துணிகளைப் பிரித்துப்போடும்போது, மரெங்கோவின் ஷின் பேடுக்குள், முழங்காலுக்குக் கீழே வைக்கிற அந்தக் காப்புத் தகட்டுக்குள், ஒரு விரல் அகலத்துக்கு நீலத் துணித் துண்டு ஒன்று கிடந்தது. நூல் பிரிந்து, வியர்வையில் கறுத்து, நாறிப்போயிருந்தது. காப்புத் தகடு உரசாமல் இருக்க வைத்த கந்தல் என்று நினைத்து, ரெஜின் அதைக் குப்பையில் போட்டான். கிட்மேன் எவனும் அதைத்தான் செய்திருப்பான்.

மூன்றாம் நாள் மரெங்கோ ஸ்டோர் ரூமுக்குள் வந்து நின்றான். காப்புத் தகட்டைக் காட்டினான். "இதற்குள் இருந்தது எங்கே?"

"பழந்துணியா? குப்பையில போட்டுட்டேன்."

அடுத்த நொடி ஒரு பூட் பறந்து வந்து, ரெஜினின் காதுக்கு ஒரு சாண் தள்ளி அலமாரியில் மோதியது. ஸ்பானிஷில் அவன் கத்தியது ஒன்றும் புரியவில்லை. பிறகு மொராக்கோக்கார கோல்கீப்பர்தான் வந்து விளக்கினான். மரெங்கோ பதினைந்து வயதில் போட்ட முதல் ஜெர்சியின் கிழிசல் அது. பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு ஆட்டத்திலும் வலது காலோடு வைத்திருந்தான். அர்ஜென்டினாக்காரர்களில் பலருக்கு இப்படி ஏதாவது ஒன்று இருக்குமாம், அது இல்லாமல் மைதானத்தில் இறங்கமாட்டார்களாம்.

ரெஜினுக்கு இது புரியாத சங்கதி அல்ல. அவனுடைய மணிபர்ஸுக்குள் சிறுவயதில், முதல் நன்மையின்போது மாதா கோயிலில் கழுத்தில் போட்டுவிட்ட உத்தரியத் துணி நைந்துபோய்க் கிடக்கிறது. யாராவது அதைத் தூக்கி எறிந்தால் அவனுக்கும் கை ஓங்கும். மரெங்கோ முதலில் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், குப்பை வண்டிக்குப் பின்னால் அவன் ஓடியிருப்பான். ஆனால் பூட் அல்லவா முதலில் வந்தது. அதற்குப் பின்னால் ஓட ரெஜினுக்கு மனசில்லை.

அன்று மாலையே கபீர் ஒரு கடிதத்தை நீட்டினார். முதல் வார்னிங். "ஒண்ணுமில்ல, ஃபைலுக்குத்தான்" என்றார். ஃபைலுக்குப் போகிற காகிதம்தான் பயமுறுத்துகிற காகிதம் என்பது பதினோரு வருடம் இங்கே இருந்தவனுக்குத் தெரியாதா.

அன்றிலிருந்து ரெஜினின் கண்ணுக்குள் மார்ச் மாதம் வந்து உட்கார்ந்துகொண்டது. மகள் அக்ஸா புஜைராவில் இந்தியப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை மார்ச்சில். மனைவி லிண்டா நர்ஸ். அவள் வேலை பார்த்த கிளினிக்கைப் போன வருடம் இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது மூன்று பேரும் ரெஜினின் விசாவில் தொங்குகிறார்கள். அது கேன்சல் ஆனால் ஊருக்குக் கிளம்ப முப்பது நாளோ, அறுபது நாளோ. ஆபீஸ்காரனே ஒரு நேரம் ஒன்று சொல்வான். மார்ச் வரை இந்த ஸ்டோர் ரூமின் சாவி தன்னிடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் அவன் கர்த்தரிடம் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபரில் லேஸ் விவகாரம் தொடங்கியது. பயிற்சிக்கு முன் எல்லாரும் குனிந்து பூட் மாட்டிக்கொண்டிருக்க, மரெங்கோ பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, வலது காலை மட்டும் நீட்டி, "பாய்" என்றான். ரெஜின் புரியாமல் பார்த்தான். மரெங்கோ லேஸைக் கண்ணால் காட்டினான்.

எல்லாரும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். பிறகு யாரோ விசிலடித்தார்கள். ரெஜின் மண்டியிட்டு லேஸைக் கட்டினான். மார்ச், மார்ச் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இரட்டை முடிச்சுப் போட்டான். அன்றிலிருந்து தினமும் அதே கதை. மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்கிற கார்மேகம், முதுகுளத்தூர் பக்கத்து ஆள், இதைக் கேள்விப்பட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"என்னண்ணே, துரைக்குக் காலு கழுவி விடுறது எப்ப?"

"சிரி. நீயும் ஒரு நாளு கட்டிப் பாரு, தெரியும்."

"நானா? ரெண்டு காலையும் சேத்துக் கட்டி விட்டுருவேன். கீழ விழுந்து மூக்க ஒடைக்கட்டும்."

உண்மை ரெஜினுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் துணிப்பை வழியாக. துவைக்கப் போடுகிற துணி எதையும் மறைக்காது. யார் பயிற்சியில் வியர்க்கவில்லை, யாருக்கு மூலம், எல்லாம் கிட்மேனுக்குத் தெரியும். மரெங்கோவின் வலது சாக்ஸ் முழங்கால் பக்கம் மட்டும் தொளதொளவென்று நீண்டிருந்தது. உள்ளே தடித்த உறை ஒன்றை ஒளித்துப் போடுகிறான். பையின் அடியில் முழம் முழமாகச் சுருட்டிய டேப், வியர்வை ஊறி மஞ்சளித்திருந்தது. ரெஜின் அந்த டேப்பை விரித்துப் பார்த்தான். ஓ, இதுதானா. திமிரில் நீட்டுகிற கால் அல்ல. மடங்காத கால்.

பார்த்துவிட்டான் என்பதை மரெங்கோவும் பார்த்துவிட்டான். ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திவிட்டு, விரலை ரெஜினின் மார்பில் வைத்தான். "டாக்டர் மாஃபி. கோச் மாஃபி." இரண்டு பேருக்கும் தெரியக் கூடாது என்று அர்த்தம். " தினமும் ஐஸ், துணி டிராலிக்கு அடியில். நீ பேசினால் நானும் பேசுவேன். முதல் கடிதம் என்னால் வந்தது. இரண்டாவதும் வரும்."

கபீரின் பேப்பரில் மீதிக் காரணம் இருந்தது. பதினைந்து ஆட்டம் ஆடிவிட்டால் ஒப்பந்தம் அடுத்த சீசனுக்கும் தானாக நீளும். இல்லையென்றால் ஜனவரியில் வெளிநாட்டு ஆளை மாற்றிக்கொள்ள கிளப்புக்கு உரிமை உண்டு. ஆக, அவனுக்கும் ஒரு மார்ச் இருந்தது. அதற்காக ரெஜினுக்கு அவன்மேல் இரக்கம் பிறந்தது என்று சொல்ல முடியாது. ஐஸைக் கொண்டுபோய் வைத்தான். அவ்வளவுதான்.

ஒரே ஒரு தடவை அவர்கள் ஃபுட்பால் பேசினார்கள். மரெங்கோ எதிராளியை எப்போதும் தன் இடது பக்கமாகவே ஒதுக்குகிறான், வலது பக்கம் திரும்பப் பயப்படுகிறான், நல்ல ஃபார்வர்டு ஒருத்தன் பத்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவான். லேஸ் கட்டும்போது ரெஜின் இதைச் சொன்னான். "நானும் ஸ்டாப்பர்தான், ஊர்ல."

மரெங்கோ மேலிருந்து அவனைப் பார்த்தான். "நீ சோப்பைப் பார்" என்றான்.

டிசம்பரில் பதினோராவது ஆட்டம். சொந்த மைதானம், மாலை ஆறு மணி. கடலோர ஊரில் அந்த மாதம் வெயில் சாய்ந்ததும் புல்லில் ஈரம் இறங்கிவிடும். போதாததற்கு, பந்து வேகமாக ஓட வேண்டும் என்று கோச் சொன்னதால் கார்மேகம் ஐந்து மணி வரை தண்ணீர் அடித்திருந்தான். ரெஜின் மரெங்கோவின் பெஞ்சில் இரண்டு ஜோடி வைத்தான். ஆறு இரும்புக் குமிழ் உள்ள பூட், ஈரப் புல்லுக்கு. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் குமிழ் உள்ளது, காய்ந்த புல்லுக்கு.

"இரும்பு போடு. வழுக்கும்" என்றான்.

மரெங்கோ பிளாஸ்டிக் ஜோடியைக் காலால் இழுத்தான். ஏனென்று ரெஜினுக்குத் தெரியும். இரும்பு மண்ணைக் கவ்விப் பிடிக்கும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. அந்தத் திருகலை முழங்கால்தான் வாங்க வேண்டும்.

"வழுக்குமேன்னு சொல்றேன்."

"கட்டு."

ரெஜின் கட்டினான். இரட்டை முடிச்சு.

எண்பத்து மூன்றாவது நிமிடம் வரை கோல் இல்லை. பிறகு எதிரணியின் இளசு ஒருவன், ஆட்டம் முழுக்க இடது பக்கமே ஒதுக்கப்பட்டவன், திடீரென்று வலது பக்கம் வெட்டினான். மரெங்கோ திரும்பினான். திரும்பியது இடுப்பு மட்டும். வலது கால் நின்ற இடத்திலேயே விறைத்தது, பாதம் வழுக்கியது, ஆள் மல்லாந்தான். கோல். எல்லைக்கோட்டோரம் தண்ணீர் பாட்டில்களோடு நின்ற ரெஜினுக்கு முதலில் எழுந்த உணர்ச்சி திருப்தி. சோப்பைப் பார் என்றாயே. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

பயம் சரியாகத்தான் வந்திருந்தது. டிரெஸ்ஸிங் ரூமுக்குள் கிளப்பின் முதீர், அதாவது மேனேஜர், நுழைந்ததும், மரெங்கோ பூட்டைக் கழற்றி அவர் காலடியில் போட்டான். "இந்தத் தரைக்கு இந்தப் பூட்டா? கேளுங்கள் உங்கள் கிட்மேனை. முதலில் என் துணியை எறிந்தான். இப்போது இது." முதீர் பூட்டைத் திருப்பிப் பார்த்தார். ரெஜினைப் பார்த்தார். "நாளைக் காலை பத்து மணி. என் அறையில். இரண்டு பேரும்" என்றார்.

விடிந்ததும், ராத்திரியே எல்லாம் கேட்டிருந்த லிண்டா பழைய சாதத்துக்கு மீன்குழம்பைச் சூடாக்கிக்கொண்டே கேட்டாள். "கால்முட்டுல நீரு கட்டியிருக்குன்னு எப்பேர்ந்து தெரியும் ஒங்களுக்கு?"

"அக்டோபர்லேர்ந்து."

"அந்தக் கால்முட்டை வச்சுக்கிட்டு அவன் இன்னும் நாலு மேட்ச் ஓடினான்னா, பொறவு கம்புதான் ஊணணும். ஐஸ் கொண்டு குடுத்தது நீங்களாக்கும். நல்ல காரியம்."

"வாயத் தொறந்தா அவன் போவான். தொறக்கலேன்னா நான் போவேன். இதுல நல்ல காரியம் எங்க கெடக்கு?"

"அப்ப தொறங்க. எனக்க மவ பரீட்சை எழுதணும்."

உள்ளறையிலிருந்து அக்ஸா எட்டிப் பார்த்தாள். "டாடி, வாட் ஹேப்பன்ட்? எனிதிங் சீரியஸ்?"

"ஒண்ணுமில்ல மக்கா. படி."

மைதான வாசலில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த கார்மேகமும் தன் பங்குக்குச் சொன்னான். "போட்டுக் குடுத்துருங்கண்ணே. அவன் மட்டும் ஒங்களப் பாவம் பாத்தானா?" ரெஜின் நடையை நிறுத்தாமல் உள்ளே போனான். பதிமூன்று கிளப் சுற்றிய ஒருத்தனைப் பதிமூன்றாவது கிளப்பிலிருந்து தள்ளிவிடுவது அவனுக்குக் கஷ்டமாக இருந்ததா என்றால், இல்லை. ஆனால் காட்டிக்கொடுத்துப் பிழைத்தவன் என்று கார்மேகம் நாளை சிரிப்பானே, அது இருந்தது. ஆகவே கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் பூட்டைப் பற்றி மட்டும் பேசுவது என்று பாதி வழியில் ஒரு முடிவெடுத்தான். கோழைத்தனமான முடிவு என்பது அவனுக்கும் தெரியும்.

முதீரின் அறையில் ஏசி எலும்பைத் தொட்டது. கபீர் மொழிபெயர்க்க நின்றார். மேசைமேல் அந்த பிளாஸ்டிக் குமிழ் பூட், அதன் பக்கத்தில் ரெஜினை வேலையிலிருந்து நீக்குகிற கடிதம். தேதி மட்டும் நிரப்பவில்லை.

"இரண்டு ஜோடியும் வச்சேன்" என்றான் ரெஜின். "இரும்பு போடச் சொன்னேன். அவர் கேக்கல."

"பொய்" என்றான் மரெங்கோ. "ஒரே ஜோடிதான் இருந்தது."

முதீர் பூட்டைப் பென்சிலால் நகர்த்தினார். "சரி. ஒரே ஜோடி என்றே வைத்துக்கொள்வோம். பதினாறு வருடம் ஆடியவன் நீ. காலில் மாட்டும்போது தெரியவில்லையா?"

"நான் எங்கே மாட்டினேன்? அவன்தான் மாட்டிக் கட்டிவிட்டான். எல்லாரும் பார்த்தார்கள். தினமும் அவன்தான் கட்டுகிறான்."

சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியது. பந்தைத் தன் கோல் பக்கமே தட்டிவிட்ட ஸ்டாப்பரின் முகம் அது. ரெஜின் அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டான்.

முதீர் நிதானமாக ரெஜின் பக்கம் திரும்பினார். "இருபத்தாறு பேர் இருக்கிறார்கள். இவனுக்கு மட்டும் ஏன் கட்டுகிறாய்?"

மரெங்கோ ரெஜினைப் பார்க்கவில்லை. பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். திமிர் பிடித்தவன், கட்டச் சொன்னான், கட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பாதி உண்மைதான். ஆனால் தேதி நிரப்பாத அந்தக் கடிதம் மேசையில் கிடந்தது.

"அவருக்கு வலது முழங்கால் மடங்காது" என்றான் ரெஜின். "அக்டோபர்லேர்ந்து."

கபீர் அதை அரபியில் சொல்வதற்குள் முதீர் புரிந்துகொண்டார். நாற்காலியைக் காட்டாமல் தரையைக் காட்டி, "உட்கார்ந்து எழு" என்றார் மரெங்கோவிடம். மரெங்கோ உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, ஆறடிக்கு மேல் அப்படியே நிமிர்ந்து நின்றான். பிறகு, "கலாஸ்" என்றான். முடிந்தது.

"நீ ஏன் சொல்லவில்லை?" முதீர் மறுபடி ரெஜினைக் கேட்டார். "அவன் உன்மேல் பழி போடாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாயா?"

பதிலுக்குக் காத்திராமல் கபீருக்குக் கைகாட்டினார்.

மேசையில் கிடந்த கடிதத்தைக் கபீர் எடுத்துப்போய்க் கிழித்தார். அதற்குப் பதில் வேறொன்று அடித்துக் கொண்டுவந்தார். இரண்டாவது வார்னிங், வீரரின் காயத்தை மறைக்கத் துணைபோனதற்காக. சீசன் முடியும் மே மாதம் வரை வேலை, அதற்குப் பிறகு பார்க்கலாம். "மே" என்று அழுத்தி வாசித்துவிட்டு, "மார்ச் முடிஞ்சுதான் மே வரும், தெரியும்ல" என்றார் கபீர். ரெஜின் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

ஸ்கேன் எடுத்தார்கள். குருத்தெலும்பு கிழிந்து நார்நாராகிக் கிடந்ததாம். ஜனவரி முதல் வாரத்தில் மரெங்கோவின் இடத்துக்கு இருபத்து மூன்று வயதுக் கானாக்காரன் ஒருவனை எடுத்தார்கள். வருகிறவனைக் கூட்டிவர ஏர்போர்ட்டுக்குப் போகிற அதே வேனில், போகிறவனையும் ஏற்றிவிடச் சொன்னார்கள். டீசல் மிச்சம்.

ரெஜின் வேனை ஓட்ட, மலைச் சாலை முழுக்க மரெங்கோ பின்சீட்டில் வலது காலைக் குறுக்காக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மஸாஃபி என்கிற ஊரைத் தாண்டியபோது கேட்டான். "அந்தத் துணி. நிஜமாகவே குப்பையில் போட்டாயா, அல்லது வைத்திருக்கிறாயா?"

"போட்டுட்டேன்."

"வேண்டுமென்றே?"

"அன்னைக்குத் தெரியாம. பூட்டை எறிஞ்ச பொறவு, வேணும்னே போட்டிருக்கலாமேன்னு தோணிச்சு."

மரெங்கோ கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தான். சிரித்தமாதிரி இருந்தது, சிரிப்பு இல்லை. "நீ நல்ல ஸ்டாப்பராக இருந்திருக்க மாட்டாய்" என்றான். "நல்ல ஸ்டாப்பர் கடைசி வரை நிற்பான். நீ ஆளைப் போட்டுத் தள்ளுகிறவன்."

"நான் நிக்கணும்ல. எனக்க பின்னால ரெண்டு பேரு உண்டும்."

ரெஜின் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான்.

புறப்பாட்டு வாசலில் ரெஜின் மூன்று பைகளையும் இறக்கி டிராலியில் அடுக்கினான். மரெங்கோவின் வலது கால் ஷூ லேஸ் அவிழ்ந்து தரையில் கிடந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். மரெங்கோவின் கால், பழக்கத்தில், அரை அடி முன்னால் வந்தது. ரெஜினின் இரண்டு கைகளும் டிராலியின் கம்பியில் இருந்தன. அங்கேயே இருந்தன.

மரெங்கோ காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். டிராலியை அவன் கையிலிருந்து பிடுங்கி, அதன்மேல் உடம்பைச் சாய்த்து, லேஸ் இழுபடக் கண்ணாடிக் கதவுக்குள் போனான். வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில், இடது பக்கமாக ஒரு முழு வட்டம் சுற்றிக்கொண்டு போவதை ரெஜின் வெளியிலிருந்து பார்த்தான்.

கானாக்காரனின் விமானம் இறங்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பெயர் அட்டையை வேனிலிருந்து எடுத்தான். ஃபோனில் அக்ஸாவின் மெசேஜ் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை பிசிக்ஸ் பிராக்டிகலாம், ரெக்கார்டில் அப்பா கையெழுத்து வேண்டுமாம். சரி மக்கா என்று அடித்து அனுப்பிவிட்டு, அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி வருகை வாசலுக்கு நடந்தான். வருகிறவன் என்ன செய்தாலும் சரி, அவன் காலை மட்டும் முதலில் பார்த்துவிட வேண்டும்.